விலங்கு மேப் போடறவங்க புள்ளிய அப்படியே நம்பாதீங்க

சிங்கப்பூர்ல எந்த உயிரினம் எங்க இருக்குன்னு மேப் போடப் போறீங்கன்னா, ஐநேச்சுரலிஸ்ட், ஜிபிஐஎஃப்னு உயிரினங்கள பாத்த பதிவுகள சேத்து வைக்கிற இணையதளங்கள்ல டேட்டா எடுத்த கையோட புள்ளிய கொட்டிராதீங்க, ஒவ்வொரு பதிவுக்கும் எடம் எத்தன மீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம்னு அட்டவணைல ஒரு நெடுவரிசைல போட்டிருப்பாங்க, மொதல்ல அத பாருங்க. அது காலியா இருந்தா துல்லியம்னு அர்த்தம் இல்ல, யாரும் எழுதலன்னுதான் அர்த்தம்.

அழியுற நிலைல உள்ள உயிரினம்னா இன்னும் கவனம் வேணும். வேட்டைக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஐநேச்சுரலிஸ்ட் சரியான எடத்த மறைச்சு, 0.2 டிகிரி கட்டத்துக்குள்ள எங்கயோ ஒரு புள்ளிய காட்டும். கட்டம் பக்கத்துக்கு 22 கிலோமீட்டர் கிட்ட வரும், நம்ம தீவே கிழக்கு மேற்கா 50 கிலோமீட்டர்தான்! புக்கிட் தீமா காட்டுல பாத்த எறும்புத்தின்னி மேப்ல மேற்கு ஓரத்துல இருக்கிற துவாஸ்ல நிக்கலாம், கடல்லயும் நிக்கலாம். இந்த மறைப்பு ரொம்ப நல்ல விஷயம், தயவுசெஞ்சு உண்மையான எடத்த தோண்டிப் பாக்காதீங்க, அந்தப் பதிவ காடு காடா பிரிக்கிற மேப்ல சேக்காம தனியா வைங்க, அழிச்சிடாதீங்க.

அடுத்து பழைய பதிவுங்க. 1854ல இயற்கை ஆய்வாளர் வாலஸ் இங்க வந்து பூச்சி சேகரிச்ச காலத்துல ஜிபிஎஸ் ஏது, லேபிள்ல வெறும் "சிங்கப்பூர்"னு மட்டும் இருக்கிற, அப்ப சேகரிச்சு வச்ச உயிரின மாதிரிக்கு பின்னாடி யாராவது நாட்டோட நடுப்புள்ளிய போட்டா அது அட்சரேகை 1.37, தீர்க்கரேகை 103.8 கிட்ட, அதாவது அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கம் பக்கம் போய் விழும். நல்ல காடு வேற, யாருக்கும் சந்தேகமே வராது. ஒரே எடத்துல சம்பந்தமில்லாத பல இனம் குவிஞ்சிருந்தா உஷாராயிடுங்க. அட்சரேகை, தீர்க்கரேகை எண்ல தசமத்துக்கு அப்புறம் ரெண்டே இலக்கம்னா சுமார் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் எடம் தெரியும்.

இப்ப கியூஜிஐஎஸ்ங்கிற மேப் மென்பொருள்ல மேப்ப சிங்கப்பூரோட ஆயத்தொலைவு முறையான எஸ்விஒய்21க்கு மாத்துங்க, அதுல அளவு மீட்டர்லயே வரும், அப்புறம் ஒவ்வொரு பதிவுக்கும் மொதல்ல பாத்த அந்த முன்னப்பின்ன மீட்டர் அளவுக்கு பஃபர், அதாவது புள்ளிய சுத்தி ஒரு வட்டம், போடுங்க. வட்டம் காட்டையும் எச்டிபி அடுக்குமாடி பிளாக்கையும் சேத்து மூடுச்சுன்னா "காட்டுல இருக்கு"ன்னு எழுதக்கூடாது.

மேப்ல பதிவே இல்லாம காலியா கிடக்கிற எடத்த எப்படி காட்டணும்ங்கிறதுதான் எனக்கு முக்கியமா படுது. மேக்ரிச்சி நடைபாதைல தினமும் ஆள் நடக்குது, மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதில ராணுவப் பயிற்சி நடக்கிறதால நாம உள்ளயே போக முடியாது. அதனால அதே வகை உயிரினங்களோட எல்லாப் பதிவையும் கட்டம் கட்டமா எண்ணுங்க: மத்த பறவையெல்லாம் நெறைய பதிவாகி இருவாச்சி மட்டும் வரலன்னா அங்க இல்லாம இருக்க வாய்ப்பு அதிகம், எந்தப் பதிவுமே இல்லன்னா சாம்பல் கலர் அடிச்சு "யாரும் பாக்கல"ன்னு எழுதுங்க.