கீறல் விழுந்த கார் கதவுக்கு வினைல் ரேப்: ஒட்டுவதற்கு முன்னால்தான் பாதி வேலை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தளி பக்கத்துக் குறுகலான ரோட்டில் எதிரே பஸ் வந்தால் வண்டியை முள்செடிக்குள் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். கிரானைட் தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைத்தாலோ, கதவு முழுக்க மயிரிழைக் கீறல் விழுந்துவிடும். இப்படிக் கெட்ட பெயின்ட்டுக்கு வினைல் ரேப், அதாவது பெயின்ட்டின் மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம், நல்ல வழிதான். ஆனால் ரேப் நிறத்தை மறைக்கும், பள்ளத்தை மறைக்காது. ஃபிலிமும் பசையும் சேர்ந்தே சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம்தான். அடியில் உள்ள மேடு பள்ளம் அப்படியே மேலே தெரியும். பளபளப்பு ஃபிலிமில் இன்னும் பளிச்சென்று தெரியும். மேட் ஃபிலிம் கொஞ்சம் மன்னிக்கும், அவ்வளவுதான்.

முதலில் கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் சிக்காமல் வழுக்கினால் கீறல் கிளியர் கோட்டோடு, அதாவது நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சோடு நிற்கிறது. சுத்தம் செய்துவிட்டு நேராக ஒட்டலாம். நகம் சிக்கினால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பெயின்ட்டுக்கு அடியில் உள்ள சாம்பல் நிற பிரைமரோ தகரமோ தெரிந்தால், பள்ளத்தை நிரப்பும் பட்டி போட வேண்டும். துரு இருந்தால் அதைச் சுரண்டி, தகரம் பளபளக்கும் வரை எடுத்து, எபாக்ஸி பிரைமர் அடிக்காமல் ஃபிலிமைத் தொடவே கூடாது. மூடிவைத்த துரு உள்ளேயே பரவும், கொப்புளமாகக் கிளம்பும்போதுதான் வெளியே தெரியும். கதவு ஏற்கெனவே டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்ததா? மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் பின்னாளில் ரேப்பைக் கழற்றும்போதும் வரும்.

ஆழக் கீறலின் இரண்டு ஓரமும் செங்குத்தாக நிற்கும். 320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு, மரக்கட்டையிலோ ரப்பர் கட்டையிலோ சுற்றித் தேய்த்து, அந்த ஓரங்களை இரண்டு பக்கமும் ஓர் இஞ்சுக்காவது சரிவாக்குங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் புதுப் பள்ளம் விழும். பள்ளம் மிச்சமிருந்தால், கெட்டியாக்கும் ஹார்ட்னரைக் கலந்து பூசும் பாலியெஸ்டர் பட்டியே போடுங்கள். 100 கிராம் பட்டிக்கு ஹார்ட்னர் 2 கிராம் போதும். சித்திரை வெயிலில் சில நிமிடத்திலேயே கெட்டியாகிவிடும் என்பதால் எலுமிச்சை அளவு மட்டும் கலக்குங்கள். டப்பாவிலிருந்து நேராகப் பூசும் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பட்டி, தின்னர் ஆவியாக ஆவியாகச் சுருங்கும். இன்று சமமாக இருந்தது அடுத்த மாதம் கோடாகத் தெரியும்.

பட்டி காய்ந்ததும் 180, 320, 600 என்று வரிசையாகத் தேய்த்துப் பிரைமர் அடிக்க வேண்டும். இங்கே பலர் அவசரப்பட்டு அப்படியே ஃபிலிமை ஒட்டிவிடுகிறார்கள். பிரைமர் உறிஞ்சும் பரப்பு. பசை அதில் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் கழற்றும்போது பிரைமரையும் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் மேலே பெயின்ட்டும் கிளியர் கோட்டும் ஒரு கை அடித்து, 800 நம்பரில் லேசாகத் தேய்த்துவிடுங்கள். ஷேடு பொருந்தாவிட்டால் பரவாயில்லை, மூடத்தானே போகிறோம். ஆனால் வெறும் காற்றில் காயும் பெயின்ட்டுக்குக் குறைந்தது 3 வாரம் விடுங்கள். அதற்குள் ஒட்டினால் உள்ளிருந்து வரும் தின்னர் ஆவி ஃபிலிமைக் கொப்புளமாகத் தூக்கும்.

சமமாகிவிட்டதா என்பதைக் கண் சொல்லாது, கை சொல்லும். மெல்லிய துணியைப் பரப்பி அதன்மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டினால் சின்ன மேடும் தட்டுப்படும். இருட்டில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தும் பாருங்கள்.

ஃபிலிம் வாங்கும்போது ‘காஸ்ட்’ (திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்த ரகம்) என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டிக்கர் கடைகளில் போர்டுக்குப் பயன்படும் காலண்டர்டு ஃபிலிம் (உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தட்டையாக்கிய ரகம்) விலை குறைவு. ஆனால் வெயிலில் சுருங்கி, வளைவுகளில் தூக்கிக்கொள்ளும். பசைப்பக்கம் காற்று வெளியேறும் நுண்வரிகள் உள்ள ரகமாகப் பார்த்து எடுங்கள். ரோல் பெரும்பாலும் 152 சென்டிமீட்டர் அகலம். கதவை அளந்து நான்கு பக்கமும் 3 இஞ்ச் கூடுதலாக வெட்டுங்கள். நடுத்தரக் கார் கதவுக்கு ரோலிலிருந்து 1.25 மீட்டர் வாங்கினால் தாராளம். மெட்டாலிக் ரகமாக இருந்தால் எல்லாத் துண்டும் ஒரே திசையில் வர வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கதவோடு நிறம் மாறித் தெரியும்.

வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை 70-க்கு 30 என்று ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து துடைக்க வேண்டும். ஒரு துணியால் ஈரமாகத் துடைத்து, அது காயும் முன் இன்னொரு துணியால் எடுங்கள். பெட்ரோல் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும். சிலிக்கான் கலந்த டயர் பாலிஷ் பட்ட இடத்தில் பசை ஒட்டவே ஒட்டாது. கைப்பிடி, கண்ணாடி ஓர பீடிங் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஓரம் சுத்தமாக வருவதற்கு வேறு குறுக்கு வழி கிடையாது.

ஒட்டுகிற இடம் மூடிய ஷெட்டாக இருக்கட்டும், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். கதவுத் தகரம் 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் வேலை சுலபம். தர்மபுரியில் ஏப்ரல், மே மாதம் என்றால் விடியற்காலையில் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. சூடான தகரத்தில் பசை தொட்டதுமே கவ்விக்கொள்ளும், எடுத்து மறுபடி வைக்க விடாது. மார்கழிக் காலையில் ஓசூரில் இதற்கு நேரெதிர்: ஃபிலிம் விறைத்திருக்கும், சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் லேசாக வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேர் வேண்டும். ஃபிலிமைக் காந்தத்தால் கதவில் நிறுத்தி அளவு பார்த்து, பின்தாளை உரித்து, சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்தபடி மெதுவாகப் படிய விடுங்கள். நுண்வரி ரகத்துக்குச் சோப்புத் தண்ணீர் தெளிக்கவே கூடாது. அந்த வரிகளில் தண்ணீர் சிக்கிப் பசை வலுவிழக்கும். வெல்வெட் ஓரம் வைத்த ஸ்குவீஜியை (ஃபிலிமை அழுத்தித் தள்ளும் தட்டை) 45 டிகிரி சாய்த்து, நடுவிலிருந்து வெளியே, முந்தைய இழுப்பின்மேல் பாதி ஏறும்படி தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் அங்கே கோடு விழும். சுருக்கம் வந்தால் அழுத்தாதீர்கள். தூக்கிச் சூடு காட்டினால் காஸ்ட் ஃபிலிம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கைப்பிடிக் குழியில் ஃபிலிமை இழுத்து இறக்காமல், சூடாக்கித் தளரவிட்டு விரலால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். இழுத்த இடத்தில் நிறம் வெளிறும், சில நாளில் அதுவே மேலே எழும்பும்.

ஓரத்தில் 6 மில்லிமீட்டராவது உள்பக்கம் மடித்து, அதற்கப்புறம் 30 டிகிரி பிளேடால் வெட்டுங்கள். பிளேடு முனையை அடிக்கடி ஒடித்துப் புதிதாக்குங்கள். மழுங்கிய முனைக்கு அழுத்தம் கொடுத்தால் பெயின்ட்டையும் கீறும், அதிலிருந்தே துரு தொடங்கும். கடைசியாக ஓரங்களையும் குழிகளையும் ஃபிலிம் நிறுவனம் சொல்லும் சூட்டுக்கு, பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள், கொண்டுபோக வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைக் குத்துமதிப்பாகச் செய்யாதீர்கள். பல ரேப்புகள் ஒரு மாதத்தில் ஓரம் கிளம்புவது இந்தச் சூட்டைத் தவிர்த்ததால்தான்.

பைக் டேங்க் என்றால் மூடியைச் சுற்றி 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டுங்கள், சிந்தும் பெட்ரோல் பசையைக் கரைத்துவிடும். முழு வண்டியையும் வேறு நிறத்துக்கு மாற்றுவதானால் ஆர்.சி.யில் நிறமும் மாற வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஒட்டியபின் 3 நாள் தண்ணீர் படக்கூடாது. ஒரு வாரத்துக்குப் பிறகு பிரஷர் வாஷ் செய்யலாம், நாசில் ஓர் அடிக்கு மேல் தள்ளி, ஓரத்தில் நேராக அடிக்காமல். போர்வெல் தண்ணீரில் கழுவினால் வெயிலில் காயவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். உப்புக்கறை மேட் ஃபிலிமில் படிந்தால் லேசில் போகாது. மாந்தோப்பில் நிழலுக்கு நிறுத்திய வண்டியில் மாம்பாலோ பறவை எச்சமோ விழுந்திருந்தால் அன்றைக்கே ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள்.