ஈரலில் கட்டி என்றதும் செய்துவிடும் தவறுகள்

வயதான நாய்க்கு ஸ்கேன் எடுத்து, ஈரலில் கட்டி இருப்பதாக ரிப்போர்ட் வந்ததும் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். இருக்கிற தவறுகளிலேயே என்னை அதிகம் வருத்துவது இதுதான். வயதான நாய்களின் ஈரலில் செல்கள் பெருகி முடிச்சு முடிச்சாகத் திரள்வது மிகச் சாதாரணம். அது புற்றுநோய் அல்ல, உயிருக்கும் ஆபத்தில்லை. ஆனால் ஸ்கேனில் இதையும் புற்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் ஈரல் நொதிகள் ஏறுவது இரண்டுக்கும் பொது. புற்றாகவே இருந்தாலும், ஈரலின் பிரிவுகளான மடல்களில் ஒன்றில் மட்டும் பெரிதாக வளர்ந்த ஈரல்செல் புற்றை அறுவை செய்து எடுத்துவிட்டால் நாய் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கலாம். எல்லா மடல்களிலும் பரவியிருந்தால்தான் கத்திக்கு வழியில்லை.

ஈரலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதும் தவறு. நாயின் ஈரலில் காணும் புற்றுகளில் பெரும்பாலானவை மண்ணீரல், கணையம், குடல், மடி என்று வேறு இடத்தில் தோன்றி வந்தவை. மண்ணீரலையும் பார்க்கச் சொல்லுங்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே கேளுங்கள். ஊசி போட்டுச் செல் எடுக்கும் முன் ரத்தம் உறைகிறதா என்று சோதிக்க வேண்டும். உறைவதற்கான புரதங்களைச் செய்வதே ஈரல்தான்.

அறுவை முடிந்து, கட்டியை நம் கையில் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கேதான் பாதி கெடுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும். முழுக்கட்டியை வாய் குறுகின பாட்டிலில் திணித்தால் சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் உட்பகுதிக்குப் போய்ச் சேராமல் அழுகும், நம்மூர் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஒரு செ.மீ. தடிமனுக்கு மேல் போகாத துண்டாக, கட்டியும் நல்ல ஈரலும் சந்திக்கும் ஓரத்திலிருந்து எடுத்து, துண்டைப் போல் பத்து மடங்கு அளவு 10 சதவீத ஃபார்மலினில் போடச் சொல்லுங்கள். கட்டியின் நடுப்பகுதி பல நேரம் செத்த சதைதான், அதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மாட்டின் கதை வேறு. இறந்த மாட்டை அறுத்ததும் ஈரலில் உருண்டையைப் பார்த்துவிட்டு "கேன்சர்" என்பார்கள். கத்தி படும்போது நறநறவென்று சுண்ணாம்பு தட்டினால் காசநோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், வெறுங்கையால் தொடாதீர்கள். தெளிந்த நீர் நிறைந்த பை என்றால் நாடாப்புழுவின் நீர்க்கட்டி. அந்த ஈரலைத் தெருநாய்க்குப் போட்டால் நாயின் குடலில் புழு வளர்ந்து, அதன் முட்டை மாட்டுக்கும் மனிதருக்கும் திரும்ப வரும். ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் கடலைப் புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்ததை மேலாகச் சுரண்டிவிட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பூஞ்சணம் கக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உள்ளே ஊறியிருக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தது இப்படிப்பட்ட கடலைத் தீவனத்தால்தான். வாத்துகளில் அந்த நஞ்சு ஈரல் புற்றையே உண்டாக்கும். பசு தின்றால் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது.