மரத்தை நெரிக்கும் வேர்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

நன்றாக வளர்ந்துகொண்டிருந்த மரம் சோர்ந்துபோனால் நம் கை முதலில் உரத்துக்குப் போகும், அடுத்து பூச்சி மருந்துக்கு. கோளாறு தூரில் இருந்தால் இரண்டும் வீண். மரத்தின் சொந்த வேரே அடிமரத்தைச் சுற்றி வளைத்திருக்கலாம். வேரும் பருக்கும், அடிமரமும் பருக்கும். இரண்டும் நெருக்கிக்கொள்ளும் இடத்தில் இலை தயாரித்த உணவு வேருக்கு இறங்காது, நீரும் சரியாக மேலே ஏறாது. மெல்ல மெல்ல நடப்பதால், நட்டு 10, 15 வருடம் கழித்துக்கூட இது வெளியே தெரியவரும்.

ஒரு பக்கக் கிளைகள் மட்டும் நுனியில் காய்வதும், இலை சிறுத்துச் சீக்கிரமே உதிர்வதும் அடையாளங்கள். ஆனால் அண்ணாந்து பார்த்தது போதும், குனிந்து தூரைப் பாருங்கள். நல்ல மரத்தின் அடி மண்ணில் இறங்கும் இடத்தில் விரிந்திருக்கும். கம்பம் நட்டதுபோல் நேராக இறங்கினாலோ, ஒரு பக்கம் தட்டையாக இருந்தாலோ, தோண்டிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

அதற்கு மண்வெட்டியை எடுக்காதீர்கள். ஒரே கொத்தில் பட்டை உரிந்துவிடும். சிறு கைக்கரண்டியால் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கரைத்தால் வேர்கள் அப்படியே தெரியும்.

பெரிய தவறுகள் நடப்பது இதற்குப் பிறகுதான். வளைந்த வேரைக் கண்டதும் வெட்டிவிடத் தோன்றும். அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று முதலில் விரலால் தடவிப் பாருங்கள். அடிமரத்தைத் தொடாமல் விலகிப் போகும் வேர் மரத்துக்குச் சோறு போடும் வேர், அதைத் தொடக் கூடாது. அழுத்தும் வேர் பட்டைக்குள் இன்னும் புதையவில்லை என்றால், இரு பக்கமும் வெட்டித் துண்டை எடுத்துவிடலாம். புதைந்திருந்தால் நெம்பிப் பிடுங்காதீர்கள், பட்டையும் கூடவே வந்துவிடும். அடிமரத்தை விட்டு வெளியே வரும் இரு முனைகளிலும் துண்டித்துவிட்டால் போதும், இடையில் உள்ளது கிடந்து மக்கட்டும். பருத்த வேருக்கு ரம்பத்தைவிட உளியும் சுத்தியலும் மேல். ரம்பம் ஒருமுறை வழுக்கினால் அடிமரத்தில் காயம் விழும்.

நாலைந்து வேர் சுற்றியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்த்துக்கட்ட வேண்டாம். மோசமானதை இந்த வருடம் எடுங்கள், மரம் தேறுவதைப் பார்த்து மற்றதை அடுத்த வருடம் எடுக்கலாம். சுற்றளவில் பாதிக்கு மேல் இறுகிப்போன பெரிய மரம் காற்றில் தூரோடு முறிந்து விழக்கூடும். அதை மரம் பார்க்கத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது, உளியோடு நாமே இறங்கும் வேலை அல்ல.

வெட்டிய இடத்தில் பெயின்ட், தார் எதுவும் பூசாதீர்கள். வேர் குறைந்துவிட்டதே என்று பச்சைக் கிளைகளையும் கழிப்பார்கள். உணவு தயாரிக்கும் இலையையும் பறித்தால் மரம் எதை வைத்துத் தேறும்? காய்ந்த கிளை மட்டும் போகட்டும். வறண்ட நாட்களில் மண் ஆழம்வரை நனைய நீர் விடுங்கள். மண்மேல் பரப்பும் மூடாக்கு (சருகு, வைக்கோல் போன்றவை) 5 முதல் 10 செ.மீ. கனம் போதும். அதையும் தூரை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

புதுக்கன்று வைக்கும்போதே இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தொட்டியிலிருந்து உருவியதும் வேர்ப்பந்தை, அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டையை, சுற்றிப் பாருங்கள். வட்டமடித்த வேர் இருந்தால் பிரித்து விரியுங்கள், முரடாகிவிட்டதை நறுக்கிவிடுங்கள். குழி வேர்ப்பந்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் மட்டும் பந்தின் உயரத்தைத் தாண்ட வேண்டாம்.