பத்திரத்தில் விடுபட்ட தென்வடல் நீளத்தைக் கணக்கிடுவது எப்படி?

கிழமேல் (கிழக்கு மேற்காக) வடபுறம் 40 அடி, தென்புறம் 32 அடி, மொத்தம் 5 சென்ட் என்று எழுதிவிட்டு, தென்வடல் (தெற்கு வடக்காக) அளவைக் குறிப்பிடாமல் விட்ட ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கு, தெற்கு எல்லைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் அந்த மனை ஒரு சரிவகம். விடுபட்ட நீளத்தைப் பரப்பிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அலகுகளை ஒன்றாக்க வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. சரிவகத்தின் பரப்பு, இணைப்பக்கங்களின் கூடுதலில் பாதியை அவற்றுக்கு இடையிலான செங்குத்துத் தூரத்தால் பெருக்கக் கிடைப்பது. இங்கே 40, 32 ஆகியவற்றின் கூடுதல் 72, அதில் பாதி 36. ஆகவே 2,178ஐ 36ஆல் வகுத்தால் 60.5 அடி வருகிறது. இதை 60 அடி 6 அங்குலம் என்றே வாசிக்க வேண்டும். 60 அடி 5 அங்குலம் என்று டேப்பைப் பிடிப்பவர்களும் உண்டு.

பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். கீழ்புற (கிழக்கு) எல்லை இரு இணைப்பக்கங்களுக்கும் செங்குத்தாக இருந்தால் அதன் நீளம் 60.5 அடியே, ஆனால் மேல்புற (மேற்கு) எல்லை சாய்ந்து செல்வதால் அதன் நீளம் வேறு. வடபுறத்துக்கும் தென்புறத்துக்கும் உள்ள வேறுபாடு 8 அடி என்பதால், 60.5இன் வர்க்கமான 3,660.25உடன் 8இன் வர்க்கமான 64ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 61.03 அடி கிடைக்கும். இந்தச் சாய்நீளத்தைச் செங்குத்துத் தூரமாக எண்ணிப் பெருக்கினால், மனையில் இல்லாத 19 சதுர அடி கணக்கில் கூடிவிடும். மூலை செங்கோணம்தானா என்று பார்க்க, மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடியும் மறுபக்கம் 8 அடியும் குறித்து, குறிகளுக்கு இடையில் சரியாக 10 அடி வருகிறதா என்று அளந்தால் போதும்.

தென்புறம் தெரியாமல் தென்வடல் தெரிந்திருந்தால், பரப்பை இரட்டித்து (4,356) 60.5ஆல் வகுத்து, வரும் 72இலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும்.

எந்தப் பக்கமும் இணையாக இல்லாத மனைக்கு இந்த வழி உதவாது. அங்கே மூலைக்கு மூலை ஒரு மூலைவிட்டம் போட்டு, எதிர் மூலைகளிலிருந்து அதற்கு இறங்கும் இரு செங்குத்துகளில் ஒன்றை அளந்துகொண்டால், இரட்டித்த பரப்பை மூலைவிட்டத்தால் வகுத்து, அளந்த செங்குத்தைக் கழிக்க மற்றொன்று கிடைத்துவிடும்.