கொறங்காட்டுச் சீமைக்கருவேலம்: வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் சில வருசம் கவனிக்காமல் விட்ட கொறங்காட்டுக்குள் (கிளுவைச் செடியை உயிர்வேலியாக வைத்த மேய்ச்சல் நிலம்) இப்போது கால் வைக்க முடியாது. கொழுக்கட்டைப்புல் நின்ற இடத்தில் சீமைக்கருவேலம் தலைக்கு மேல் அடைந்து கிடக்கும். கூலி கொடுத்து வெட்டினோம், அடுத்த மழைக்கே பழையபடி வந்துவிட்டது என்று வருத்தப்படுவோர் அதிகம். பெரும்பாலும் வெட்டிய உயரம்தான் அதற்குக் காரணம்.

இந்த மரத்தில் தண்டும் வேரும் சேரும் அடிப்பகுதியில் (இதைத்தான் மூடு என்கிறோம்), மண்ணுக்குள்ளேயும் உறங்கு மொட்டுகள் உண்டு. தரையோடு ஒட்ட வெட்டினால் அவை ஒன்றாகக் கிளம்பும். ஒற்றைத் தண்டாக நின்றது பல தண்டுப் புதராகிவிடும். ஆழத்து வேர் அப்படியே இருப்பதால் துளிர் வேகமாகவும் ஏறும். ஜேசிபியை விட்டு மேலோடு வழித்தாலும் இதே கதைதான். வண்டி போனதும் காடு சுத்தமாகத் தெரியும், ஆனால் மூடு மண்ணுக்குள்ளே உயிரோடு இருக்கும்.

சரியான முறை இது. முதலில் கிளைகளைக் கழித்து, தண்டை இடுப்பளவு விட்டு வெட்டுங்கள். ஆட்டிப் பார்க்கவும் இழுக்கவும் பிடி வேண்டும். மூட்டைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி மண்ணை எடுத்து, பக்கவேர்களை அறுத்து, ஆணிவேரைத் தரைமட்டத்திலிருந்து ஒரு அடிக்குக் கீழே கோடாலியால் வெட்டி மூட்டை வெளியே எடுங்கள். அதற்குக் கீழே போகும் வேரைத் துரத்தித் தோண்ட வேண்டியதில்லை, அது துளிர்க்காது. ஜேசிபிதான் வைப்பது என்றால், மூடு முழுசாக மேலே வந்ததா என்று ஒவ்வொரு குழியையும் ஓர் ஆள் கூடவே நின்று பார்க்க வேண்டும்.

விறகுக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆள் விடும்போதும் இந்தத் தவறு நடக்கிறது. வெட்டுபவருக்குத் தண்டு போதும்; மூட்டைத் தோண்டுவது அவருக்கு வீண் வேலை. கட்டை பறிப்பதையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

பருவமும் முக்கியம். பங்குனி வெயிலில் செம்மண் இறுகிக் கிடக்கும்போது தோண்டினால் வேர் மேலேயே முறியும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும் மார்கழி, தை மாதங்கள் தோதானவை. கோடையில் நெற்று முற்றி உதிர்வதற்குள் வேலையும் முடிந்துவிடும்.

முள் உள்ளதையெல்லாம் ஒரே வீச்சில் வெட்டுவது, எங்கள் கணிப்பில், திருத்தவே முடியாத தவறு. கொறங்காட்டுக்கு நிழலும் காங்கேயம் மாட்டுக்கு நெற்றும் தரும் வெள்வேல் மறுபடி அந்த அளவுக்கு வளரப் பல வருசம் ஆகும். வெள்வேலின் பட்டை வெளிறியிருக்கும், பூ வெளிர்மஞ்சள் உருண்டை. நாட்டுக் கருவேலின் பூவும் உருண்டைதான், ஆனால் பளிச்சென்ற மஞ்சள். அதன் காய் மணிமாலை போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர், நெற்று வைக்கோல் நிறம். வன்னிக்கும் கதிர்ப் பூதான் என்பதால் அங்கே முள்ளைப் பாருங்கள்: சீமைக்கருவேலத்தின் முள் இலை கிளம்பும் கணுவில் இருக்கும், வன்னியின் சின்ன முட்கள் கணுக்களுக்கு நடுவே சிதறியிருக்கும். ஆள் வருவதற்கு முந்தின நாளே, வைக்க வேண்டிய மரங்களில் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

தீ வைப்பதால் மூடு சாகாது. மண்ணுக்குள் இருக்கும் மொட்டு தப்பித்துத் துளிர்க்கும். புல்லும் கிளுவை வேலியும்தான் கருகும். வெட்டிய கட்டையில் உப்பைக் கொட்டுவது இன்னும் மோசம், அந்த இடத்தில் பிறகு புல் வருவதே கடினம்.

கிளுவை வேலிக்குள் பின்னி வளர்ந்ததை இயந்திரத்தால் இழுக்காதீர்கள், வேலியும் சேர்ந்து வந்துவிடும். அரிவாளால் துண்டு துண்டாகக் கழித்து, கவைக்கோலால் உருவி, மூட்டைக் கையாலேயே தோண்டுங்கள். விழுந்த சந்துகளில் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளைத் துண்டு) நட வேண்டும்.

ரப்பர் செருப்போடு உள்ளே இறங்க வேண்டாம்; இந்த முள் அடியைத் துளைத்துக் காலில் ஏறி, உள்ளேயே ஒடியும். தடித்த பூட்ஸ், தோல் கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். அடர்ந்த புதரை முதலில் தடியால் தட்டுங்கள், விரியன் இருக்கலாம். உதிர்ந்த முள்ளை வாரி எடுத்த பிறகே மாட்டை விடுங்கள்.

இனி விதை. நெற்று இனிப்பானது, ஆடு மாடு விரும்பித் தின்னும். ஆனால் பல விதைகள் செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வந்து நன்றாக முளைக்கும். முள்ளுக்காட்டில் மேய்ந்த செம்மறியை மறுநாளே சுத்தம் செய்த காட்டில் பட்டி போட்டால் நீங்களே விதைத்த மாதிரிதான். ஒரு வாரமாவது வேறு தீனி போட்டு நிறுத்திவைத்து, பிறகு விடுங்கள். நெற்றோடு உள்ள கிளைகளைக் காடு முழுக்க இழுத்துப் போவதும் கூடாது, நின்ற இடத்திலேயே நெற்றைப் பறித்துச் சாக்கில் கட்டுங்கள்.

சுத்தம் செய்த நிலத்தை வெறுமனே போட்டால் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு எழும்பும். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ கொழுக்கட்டைப்புல் விதையை, கூடவே கொஞ்சம் முயல்மசால் என்ற தீவனப் பயறுச் செடியின் விதையை, மழைக்கு முன் மேலாக விதைத்து லேசாக மண் மூடுங்கள். அறுத்த உடனே எடுத்த புல்விதை சரியாக முளைக்காது. சில மாதம் இருப்பு வைத்தது வேண்டும். புல் தூர் கட்டும்வரை மேய்க்காதீர்கள்.

சீமைக்கருவேல விதை மண்ணில் பல வருசம் உயிரோடு இருக்கும். ஆகவே ஒவ்வொரு மழைக்கும் இரண்டாம் வாரம், ஈரம் காய்வதற்குள், நாற்றுகளைக் கையால் வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு கோடை தாண்டவிட்டால் மம்பட்டி இல்லாமல் வராது. பத்து ஏக்கரை ஒரே மூச்சில் வெட்டிவிட்டு இதைச் செய்ய முடியாமல் போவதைவிட, வருசம் இரண்டு ஏக்கர் எடுப்பது மேல். ஓடைத் தண்ணீர் உள்ளே நுழையும் மேட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், விதை அந்த வழியாகத்தான் இறங்கி வரும்.