கார்ப்பெட் மெஷின் கெடுவது வேலை முடிந்த பிறகுதான்

ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் கார்ப்பெட்டுக்கு ஷாம்பு போடும் சிங்கிள் டிஸ்க் மெஷின், அதாவது அடியில் ஒரே ஒரு வட்ட பிரஷ் சுற்றும் மெஷின், லேசில் கெடாத ரகம். பெரும்பாலும் 17 அங்குல பிரஷ், நிமிடத்துக்கு 150 முதல் 180 சுற்று. ஓடும்போது தாங்கும். வேலை முடிந்து ஸ்டோர் ரூமில் தள்ளும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாம் அதைக் கெடுக்கிறோம்.

பெரிய தவறு, பிரஷைக் கழற்றாமல் நிறுத்திவைப்பது. நாற்பது கிலோ எடை ராத்திரி முழுக்க நைலான் இழைகள் மேல் உட்கார்ந்தால் அவை ஒரு பக்கமாக மடிந்துவிடும். மறுநாள் மெஷின் குதிக்கும், ஒரு பக்கமாக இழுக்கும், ஓட்டுபவருக்கு மணிக்கட்டு விட்டுப்போகும். பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். கோளாறு பிரஷில்தான்! பிளக்கைப் பிடுங்கி, மெஷினைப் பின்பக்கம் சாய்த்து, பிரஷைக் கழற்றி அலசி, இழைகள் எதன் மேலும் அழுந்தாதபடி காயவையுங்கள். அப்படியே பிரஷை மெஷினோடு பூட்டும் கிளச் பிளேட்டையும் பாருங்கள். தலைமுடியும் கார்ப்பெட் நூலும் இறுகச் சுற்றியிருக்கும். அறுத்து எடுக்காமல் விட்டால் ஷாஃப்டில் ஏறி, கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலைத் தின்றுவிடும்; பிறகு கிரீஸ் கசிந்து, சுத்தம் செய்யப்போன கார்ப்பெட்டிலேயே கறை விழும்.

மிச்ச ஷாம்பு நாளைக்கு ஆகும் என்று டேங்கில் விடாதீர்கள். அது காய்ந்து பசையாகி வால்வையும் குழாயையும் அடைக்கும். அடுத்த முறை ஷாம்பு சீராக இறங்காமல், கார்ப்பெட்டில் திட்டுத் திட்டாக நிற்கும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குழாயில் நுரை நிற்கும்வரை லீவரை அழுத்தி பக்கெட்டில் பிடியுங்கள். போர் தண்ணீர் என்றால் உப்பும் படியும். அவ்வப்போது வினிகர் கலந்த தண்ணீரை அரை மணி நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசினால் விட்டுவிடும்.

ஒயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஈரக் கார்ப்பெட்டில் நின்றுகொண்டு ஒருவர் ஓட்டும் மெஷின் இது. எர்த் பின் உடைந்த பிளக்கோ, டேப் சுற்றிய ஒயரோ இருந்தால் அன்றைக்கு மெஷினை எடுக்காதீர்கள். ஒயரைத் துணியால் துடைத்துக்கொண்டே தளர்வாகச் சுற்றினால் வெட்டுப்பட்ட இடம் விரலில் தட்டுப்படும். மெஷின் மாட்டும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் வேண்டும்.

ஹோஸ் பிடித்து மெஷினைக் கழுவுகிறவர்களும் உண்டு. காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். துளையில் அடைந்த பஞ்சை வாக்குவம் எடுத்துவிடும்.

ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் உறுமுகிறது, பிரஷ் சுற்றவில்லை என்றால் உடனே கையை எடுங்கள். பல நேரம் மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கபாசிட்டர் போயிருக்கும். அழுத்தி அழுத்திப் பார்த்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (வைண்டிங்) கருகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் மூடியைத் திறக்கும் வேலை எலக்ட்ரீஷியனுடையது.