புரோஃபைல் போடும்போது நான் செய்த தவறுகள்

போலீஸ் பணி ஓய்வுக்குப் பிறகு, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், குற்றவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் என் வீட்டுக்கு வருகிறார்கள். தொடர் குற்றம் ஒன்றைச் சொன்னால் போதும், பத்து நிமிஷத்தில் “வேலையில்லாத இளைஞன், தனிக்கட்டை” என்று புரோஃபைல், அதாவது குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று ஊகிக்கும் சித்திரம், எழுதி நீட்டுவார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். தடயத்தை மிதிக்காதே என்பதெல்லாம் பாடத்திலேயே இருக்கிறது, அதை விடுங்கள்.

சித்திரத்துக்கு ஆள் பிடிப்பது

ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது. சம்பளத்துக்கு மறுநாள், ஆட்கள் ரப்பர் பால் எடுக்கப் போன நேரமாகப் பார்த்து தொழிலாளர் லயத்தில் ஏழு வீடுகளில் திருட்டு. பீரோவை யாரும் தொடவில்லை, அரிசி டின்னை மட்டும் கிளறியிருந்தார்கள். நான் அதை விட்டுவிட்டு, “குடிகாரன், உள்ளூர்க்காரன்” என்று எழுதினேன். எழுதியதற்குப் பொருத்தமாக ஒருவர் கள்ளுக்கடையிலேயே இருந்தார். பிடித்து உள்ளே வைத்தோம். மூன்றாம் நாள் எட்டாவது வீட்டின் அரிசி டின் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே இருந்தவரின் மனைவி வந்து, “சார், இதையும் அவருதான் வந்து எடுத்தாரா?” என்று கேட்டார்.

எடுத்தது மீன்காரர். சமையலறை வாசலில் நின்று மீன் விற்றவருக்குத்தான் காசு எந்த டின்னிலிருந்து வருகிறது என்று தெரியும். டின் சொன்னதை நான் கேட்கவில்லை. இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

லண்டனிலும் இதே கதைதான். 1992இல் விம்பிள்டன் காமனில் ஓர் இளம் தாய் கொல்லப்பட்டார். புரோஃபைலுக்குப் பொருந்துகிறார் என்று ஒருவரைக் குறிவைத்து, காதலிப்பதுபோல் நடிக்கப் பெண் போலீசை அனுப்பினார்கள். 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கியெறிந்தார். உண்மையான கொலையாளி ராபர்ட் நேப்பர், 1993இல் இன்னொரு தாயையும் அவருடைய சிறு மகளையும் கொன்றிருந்தான். முதல் வழக்கில் அவனுக்குத் தண்டனை கிடைத்தது 2008இல்.

புரோஃபைல் என்பது சந்தேகப் பட்டியலை வரிசைப்படுத்தத்தான். 1986இல் இங்கிலாந்தில் உளவியலாளர் டேவிட் கேன்டர் கொடுத்த புரோஃபைல், ஏற்கெனவே பட்டியலில் கிடந்த தொடர் கொலையாளி ஜான் டஃபியை மேலே கொண்டுவந்தது. சரி, அதுதான் அதன் வேலை.

ஒரே அடையாளத்தை வைத்து ஆளை விலக்குவது

யார்க்‌ஷயர் கொலைகளில் கொலையாளி பேசுவதுபோல் 1979இல் வந்த போலி ஒலிநாடாவின் பேச்சுவழக்கை இங்கிலாந்து போலீசார் நம்பினார்கள். உண்மையான கொலையாளி பீட்டர் சட்கிளிஃபை மொத்தம் ஒன்பது முறை விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

டிவி தொடர் பார்த்துவிட்டு வருவது

வேண்டாம்.

பழைய கோப்புக்கு அலுத்துக்கொள்வது

நியூயார்க்கில் வெடிகுண்டு வைத்துவந்த மெடெஸ்கி 1957இல் பிடிபட்டதற்கு மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரஸ்ஸலின் புரோஃபைல்தான் காரணம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பெயர் கிடைத்தது அவன் முன்பு வேலை பார்த்த மின்சார நிறுவனத்தில் பழைய இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டிய ஒரு பெண் குமாஸ்தாவிடமிருந்து.